நாய்களை எண்ணுகிறவன்

ஏ.டி.எம். கதவு ஒருமுறை திறந்தால்
ஒரு முழம் குளிர் வெளியே வந்து விழும்.
அந்த ஒரு முழத்தில்தான்
கத்திரி தொடங்கியதிலிருந்து
அது படுத்துக் கிடக்கிறது.

அழகாபுரத்தில் எந்த மாடி வீட்டுக்காரர் வாங்கினாரோ,
எப்போது அலுத்ததோ.
ஒரு கண் நீலம், ஒரு கண் கருப்பட்டி.
பட்டை இருந்த இடத்தில்
கழுத்து முடி இன்னும் அமுங்கியிருக்கிறது.
"நரியா, ஓநாயா?" என்றார் இளநீர் வெட்டும் சடையன்.
நான் பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்தால் சோறு வைக்க வேண்டும்.
சோறு வைத்தேன். பெயர்தான் வைக்கவில்லை.

ஒரு மணிக்கு மேல்
அஸ்தம்பட்டியில் யாரும் பணம் எடுப்பதில்லை.
போனில் படம் பார்ப்பேன், பனிப் படங்கள் மட்டும்.
தமிழ் பேசுகிற வெள்ளைக்காரர்கள்,
வாயை மூடிய பிறகும்
அவர்களிடம் ஒரு வார்த்தை பாக்கி இருக்கும்.
விமானம் விழும். மருந்து தீரும்.
உறைந்த ஏரி நடுவில் பிளக்கும்.
யாரோ ஒருவன் வீடு திரும்பியாக வேண்டும்.
இழுக்க நாய்கள்.

எல்லோரும் அவனைப் பார்ப்பார்கள்.
நான் நாய்களை எண்ணுவேன்.

பதினாறு வருடம் செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசி மூட்டை வண்டி இழுத்தவன்.
கயிறு கழுத்தில் விழுந்தால் ஆள் காலி,
நெஞ்சில் விழ வேண்டும்.
படத்தில் சரியாகத்தான் கட்டுகிறார்கள்.
முன்னால் ஓடுகிற நாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.
வண்டியை ஒட்டி ஓடுகிற கடைசி ஜோடிதான்
திருப்பத்தில் மொத்தப் பாரத்தையும் இடுப்பில் வாங்கும்.
கேமரா அந்தப் பக்கம் போகாது.
எங்கள் வண்டியில் அந்த இடம் மாரப்பனுடையது.
ஏற்றத்தில் வண்டி பின்வாங்கினால்
முதலில் அவன் மேல்தான் ஏறும்.
ஒருநாள் ஏறியது.

பனி எனக்குப் புதிதல்ல.
சேகோ பேக்டரிக் களத்தில் ஈரமாவு காயும்.
உச்சி வேளையில் நேராகப் பார்த்தால் கண் போய்விடும்.
படத்தில் அவன் பார்வை மங்கித் தடுமாறியபோது
இந்த ராத்திரியில், இந்தப் புழுக்கத்தில்,
நான் துண்டை நெற்றிக்கு இறக்கிவிட்டேன்.

நேற்றைய படத்தில் எட்டு.
முதலாவது பிளவில் போனது.
இரண்டு, பசியில்.
ஒன்றை அவனே சுட்டான், பின்னணியில் வயலின் அழுதது.
மிச்சம் நான்கு.
அடுத்த காட்சியில் மூன்று ஓடுகின்றன.
ஒன்று எங்கே?

விரலால் படத்தைப் பின்னுக்கு இழுத்தேன்.
குண்டு துப்பாக்கிக்குள் திரும்பிப் போனது.
பனிக்குள் புதைந்தவை உதறிக்கொண்டு எழுந்து
பின்பக்கமாகவே ஓடி
தத்தம் கயிற்றுக்குள் நுழைந்து நின்றன.
எட்டும் நின்றன, கொழுத்து, வாலாட்டிக்கொண்டு.
அந்த ஒன்று செத்ததை மட்டும்
யாரும் படம் பிடிக்கவே இல்லை.

எட்டும் சேர்ந்து ஊளையிட்டன.
வாசலில் படுத்திருந்தது தலை தூக்கியது.
போனைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தது,
அங்கே பணம் எண்ணும் இயந்திரம்தான் இருந்தது.
பிறகு அதுவும் ஒன்று விட்டது,
பழக்கமில்லாத தொண்டை, பாதியில் கரகரத்தது.
தெருநாய்கள் ரவுண்டானாவிலிருந்து பதில் சொல்லின.
வசவு மாதிரித்தான் கேட்டது.

விடியுமுன் ஏற்காட்டு முதல் பஸ் வேகம் குறைத்தது.
ஓடிப்போய்க் கேட்டேன், "நாய்க்கு டிக்கெட் உண்டா?"
கண்டக்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இருபது கொண்டை ஊசி வளைவு.
மனுசன் வாந்தி எடுத்தாலே நான்தான் கழுவணும்."
விசில்.
மலை அங்கேயேதான் இருந்தது,
மேகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு.

அதற்கு நாம் எல்லோரும் கதவுகள்.
செருப்புச் சத்தம் கேட்டால் காது நிமிரும்,
கார்டு செருகும் வரை மூச்சு வாங்கும்,
போகிறவரின் முதுகைப் பார்க்காது,
மூடிக்கொண்டு வரும் கண்ணாடியைப் பார்க்கும்.

இன்று ஒன்றாம் தேதி.
காலை எட்டிலிருந்தே வரிசை வாசல் தாண்டி நிற்கிறது,
நூற்பாலைக்காரர்கள், ஆஸ்பத்திரிப் பெண்கள், பென்ஷன்காரர்கள்.
ஒருவர் வெளியே வர ஒருவர் உள்ளே போக
கதவு மூடவே இல்லை.
எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள்.
அது கால்களை நீட்டிப் படுத்து
தூக்கத்தில் ஓடுகிறது.